அஞ்சரை கூட்டு

பன்னிரண்டு மணிக்குச் சீருடையை மாட்டிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தாயிற்று. ஆறு மணி வரைக்கும் இப்படியேதான். யாராவது ஒரு முதலாளிக்குத் திடீரென்று கோயம்புத்தூர் போகத் தோன்றினாலோ, எங்கேயாவது ஒரு நோயாளியை அவசரமாகத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தாலோ இந்தப் போன் அடிக்கும். அடித்ததிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் நான் மீனம்பாக்கத்தில் விமானத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும். அடிக்காவிட்டால் ஆறு மணிக்குச் சட்டையைக் கழற்றி மாட்டிவிடலாம். இதற்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். முப்பது வருஷமாக விமானம் ஓட்டுகிறேன், அதில் இருபத்திரண்டு வருஷம் வாடகை விமானம்தான், இதற்கு ஒரு நல்ல தமிழ் வார்த்தை எனக்கு அகப்படவில்லை. காத்திருப்பு என்றால் ஏதோ காதல் விவகாரம் மாதிரி இருக்கிறது. என் மனைவி ஜெசிந்தா இதைக் கட்டிப்போட்ட நேரம் என்பாள். 'இன்னைக்கு அவுக கட்டிப்போட்ட நேரம், ஒரு இடமும் வரமாட்டாக' என்று தூத்துக்குடிக்குப் போனில் சொல்லிக்கொண்டிருப்பாள், ஏதோ மாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி. நான் இங்கிருந்து முறைப்பேன். அவள் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவள் உட்காருகிற பிரம்பு நாற்காலி அதோ, படுக்கையறைக் கதவைப் பார்த்தபடி அப்படியே இருக்கிறது. நான் அதில் உட்காருவதில்லை. நகர்த்தவும் இல்லை. கூட்டுகிற அம்மா வந்தால்கூட அதைச் சுற்றித்தான் கூட்டுகிறாள், நான் ஒன்றும் சொல்லாமலே.

பன்னிரண்டு ஐம்பது. போன் மேஜையில் கவிழ்ந்து கிடக்கிறது. கவிழ்த்து வைத்தால் அடிக்காது என்று ஒரு நினைப்பு, சின்னப்பிள்ளைத்தனம். அடித்தால் ஹர்ஷினிதான் பேசுவாள், ஆபீசில் யார் எந்த விமானத்துக்கு என்று போடுகிற பெண். நல்ல பெண். 'வணக்கம் சார், ரெஸ்ட் எடுத்தீங்களா, ஃபிட்டா?' என்று ஒரே மூச்சில் கேட்பாள். 'ஃபிட்' என்று நான் சொல்ல வேண்டும். மாதா கோயில் பூசையில் சாமியார் ஒன்று சொன்னதும் நம் வாய் தானாக ஒரு பதில் சொல்லுமே, அந்த மாதிரி வந்துவிடும் அது. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு நான் யோசித்துப் பதில் சொன்னதே கிடையாது. நேற்று ராத்திரி ஒன்பதிலிருந்து இன்று காலை ஒன்பது வரை பன்னிரண்டு மணி நேரம் எனக்கு ரெஸ்ட். காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. காகிதத்துக்குப் படுத்திருந்தால் போதும், தூங்கினானா என்று அது கேட்பதில்லை. நான் படுத்திருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற அந்த விரற்கடை இடைவெளியையே பார்த்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம். நாலு மாசமாக இதே பிழைப்புதான். கண் சொருகும். உடனே அந்த இடைவெளியில் ஏதோ அசைந்த மாதிரி இருக்கும். விழித்துவிடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை சேலத்தில் இறங்கும்போது என்ன நடந்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. பகல் பதினொரு மணி, தெளிந்த வானம், காற்றுகூட இல்லை. பின்னால் நாலு பேர், எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓடுபாதை எதிரே நேராகத் தெரிகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதற்கப்புறம் கொஞ்ச நேரம் என்னிடம் இல்லை. ஐந்து விநாடியா பதினைந்தா தெரியாது. 'கேப்டன், கியர்?' என்று பக்கத்திலிருந்து நிலோஃபர் கேட்டாள். என் துணை விமானி, ஆம்பூர்ப் பெண், இருபத்தேழு வயது. நான் சொல்லியிருக்க வேண்டும், சக்கரத்தை இறக்கு என்று. சொல்லவில்லை. அவள் ஞாபகப்படுத்தினாள், இறக்கினோம், தரை தொட்டோம். அந்த நாலு பேரும் சிரித்தபடியே இறங்கிப் போனார்கள், ஒருத்தர் என் கையைக் குலுக்கி 'பட்டு மாதிரி லேண்டிங்' என்றார். மீனம்பாக்கம் திரும்பி வந்து கார் நிறுத்துகிற இடத்தில்தான் நிலோஃபர், 'சார், நீங்க தூங்குறீங்களா?' என்றாள். 'ஏம்மா, தூங்காம?' என்றேன். 'இந்தத் தடவை நான் ஆபீசுக்கு எழுதல சார். அடுத்த தடவை எழுதிடுவேன். தப்பா நினைச்சுக்காதீங்க' என்றாள். கண் கலங்கியிருந்தது அவளுக்கு. என் மகள் வயது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, நேற்று வந்த பெண் எனக்குச் சொல்ல வந்துவிட்டாளா என்று. வீட்டுக்கு வரும் வழியில் குரோம்பேட்டை சிக்னலில் வண்டி நின்றபோதுதான் அது அடங்கிற்று. அவள் பயந்ததில் என்ன தப்பு. இன்றைக்கும் அவள்தான் எனக்குத் துணை. பம்மலில் எங்கேயோ தன் அறையில் அவளும் இதே மாதிரி சீருடையோடு உட்கார்ந்திருப்பாள், போன் அடித்தால் என்னோடு ஏற வேண்டுமே என்று.

தூக்கம் வரவில்லை என்று சொன்னால் ஒரு படிவம் கொடுப்பார்கள். நிரப்பிக் கொடுத்தால் தண்டனை ஒன்றும் கிடையாது, விதி நல்ல விதிதான். ஆனால் இரண்டு மூன்று படிவம் சேர்ந்தால் மேலே இருப்பவர் டீ குடிக்கக் கூப்பிடுவார். 'வயசாகுதுல்ல ரெமிஜியுஸ்' என்பார். ஐம்பத்தேழு. அது கிடக்கட்டும். படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது? மனைவி இறந்துவிட்டாள் என்று எழுதலாம். அது எல்லாருக்கும் தெரியும், மாலையோடு வந்தார்கள். ஆனால் அது காரணம் இல்லையே. காரணம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் இருக்கிறது. மஸ்கட்டில் இருக்கிற மகளுக்குக்கூட அது தெரியாது. 'அம்மா உங்களைக் கூப்பிடவே இல்லையாப்பா?' என்று அவள் கேட்டபோது, 'இல்லம்மா' என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை. அவள் கூப்பிடவில்லை.

விமானக்காரர்களுக்கு நேரம் வேறு. உலகம் முழுக்க ஒரே கடிகாரம், இங்கிலாந்து நேரம், ஜூலு என்போம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடும். எங்கள் கம்பெனித் தாளில் எல்லாம் ஜூலுதான். ரெஸ்ட் எப்போது முடியும் என்பதை நானும் அப்படியே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போய்ப் படுப்பேன். 05:30 வரை என்று இருந்தால் காலை பதினொரு மணி வரை என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், 'அஞ்சரை கூட்டு, அவ்வளவுதான்.' அவளுக்குக் கணக்கு வராது. பள்ளிக்கூடத்தில் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுத்தவள். விரல் விட்டுத்தான் எண்ணுவாள். இடது கையின் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, வலது கையில் கட்டைவிரலை மட்டும் பாதி மடக்குவாள், அதுதான் அந்த அரை. அந்தப் பாதிக் கட்டைவிரலைக் காட்டிச் சிரிப்பாள். எண்ணி முடித்ததும் என் எழுத்துக்குக் கீழே பென்சிலால் நம் நேரத்தை எழுதிவைப்பாள். அப்புறம் அந்த நேரம் வரைக்கும் வீட்டில் ஈ பறக்கக்கூடாது. கம்பெனிக்காரன் விதியை மீறி ஏதாவது கேட்கக் கூப்பிட்டாலும் கூப்பிடுவான், இவள் மீறவே மாட்டாள். அழைப்பு மணியில் பஞ்சு அடைத்தாள். குக்கர் வைக்கமாட்டாள், சோறு வடித்தாள். பால்காரனோடு கை ஜாடையிலேயே பேசினாள். 'அவுக கையில பத்து உசிரு இருக்கு' என்று பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டாள். பதினோராவதாக ஓர் உயிர் கூடத்தில் உட்கார்ந்திருந்தது அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அவள் இறப்பதற்கு முந்தின ராத்திரி நான் வீட்டுக்கு வந்தபோது அவள் தூங்கிப்போயிருந்தாள். காலை பதினொரு மணி வரை எனக்கு ரெஸ்ட். பேனாவை எடுத்தேன். முந்தின வாரம் அவள் கேலி செய்தது ஞாபகத்துக்கு வந்தது. 'இந்த வீட்டுல இருக்கது ரெண்டே பேரு. ரெண்டு பேருக்கும் எதுக்கு இங்கிலாந்து நேரம்? வயசான காலத்துல என்னை விரல் மடக்க வைக்குதீய' என்றாள். சரி, இனிமேல் மடக்க வேண்டாம் என்று நினைத்தேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நம் நேரத்திலேயே எழுதினேன். 11:00 வரை. அதற்குப் பக்கத்தில் 'நம்ம நேரம்' என்று இரண்டு வார்த்தை எழுதியிருக்கலாம். அவளை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். தூங்குகிறவளை எதற்கு எழுப்ப என்று காந்தத்தை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

ஒன்றே கால். போன் அடிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் சாணை பிடிக்கிறவன் கத்திக்கொண்டு போகிறான். அவள் இறந்த அன்றைக்கு நான் காலை ஒன்பதரைக்கே விழித்துவிட்டேன். பதினொன்று ஆனதும் எழுந்து வந்திருக்கலாம், ரெஸ்ட் முடிந்துவிட்டது. வரவில்லை. ஏன் வரவில்லை? எழுந்தால் வண்ணாரப்பேட்டையில் அவள் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சகலையோடு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அவருடைய சர்க்கரையைப் பற்றிப் பேச வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருப்போம் என்று படுத்திருந்தேன். அவ்வளவுதான் காரணம். சொல்லவே கேவலமாக இருக்கிறது. ஒரு டம்ளரில் கரண்டி போட்டுக் கலக்குகிற சத்தம் கேட்டது, மெதுவாக, என்னை எழுப்பிவிடக் கூடாதே என்கிற மாதிரி. ஓமத்தண்ணீர் என்று பிறகுதான் தெரிந்தது, வாயுப்பிடிப்பு என்று நினைத்திருக்கிறாள். நாற்காலி லேசாக இழுபட்டது. பன்னிரண்டு மணி வாக்கில் கதவுக்கு அடியில் அந்த இடைவெளியில் இரண்டு நிழல் வந்து நின்றது. அவள் கால். நான் பார்த்தேன். மூச்சை ஒரே சீராக விட்டேன், தூங்குகிறவன் மாதிரி. சாத்தின கதவுக்கு எதற்கு நடிப்பு? ஆனாலும் நடித்தேன். கொஞ்ச நேரம் நின்றது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் என்ன செய்திருப்பாள்? தட்டக் கையைத் தூக்கியிருப்பாளா? தூக்கிவிட்டு, விரலை மடக்கி எண்ணியிருப்பாளா? பிறகு அந்த நிழல் போய்விட்டது. ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடுவாளே என்று நான் நினைத்தேன். என் ரெஸ்ட் முடிந்ததும் நானே வருவேனே என்று அவள் நினைத்தாள். நடுவில் ஒரு பலகை, தாழ்கூடப் போடாத கதவு.

ஒன்று நாற்பதுக்குப் பசித்தது, எழுந்து வந்தேன். பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். முகம் வேர்த்துக் கழுத்தெல்லாம் நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள். 'எழும்பிட்டீயளா? இன்னும் நேரம் கெடக்கே' என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. 'என்னடி செய்யுது?' என்று கத்தினேன். கையை நெஞ்சில் வைத்துக் காட்டினாள். அப்புறம் அவள் பேசவில்லை. ஆட்டோ பல்லாவரம் தாண்டுவதற்குள் என் தோளில் அவள் தலை கனத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர், 'எப்ப சார் வலி ஆரம்பிச்சுது? ரெண்டு மணி நேரம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா' என்று ஆரம்பித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பால் எடுக்கப் போனபோதுதான் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். 11:00 வரை. அதற்குக் கீழே பென்சிலில், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு எழுதிக்காட்டுகிற மாதிரி குண்டு குண்டாக, 4.30. கூட்டியிருக்கிறாள். பதினொன்றோடு அஞ்சரையைத் தப்பில்லாமல் கூட்டியிருக்கிறாள். அதற்கு முந்தின வாரம்தான் எனக்கு அப்படிச் சாயங்காலம் வரைக்கும் ஒரு நீண்ட ரெஸ்ட் வந்திருந்தது, அதனால் அவளுக்குச் சந்தேகமும் வந்திருக்காது. நாலரை வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிறாள். பாலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டு அழுதேன். வீட்டில் ஒருவரும் இல்லை.

போன் அடிக்கிறது. இரண்டு மணி இருபது நிமிஷம். மேஜை மேல் கவிழ்ந்தபடியே அதிர்ந்து அதிர்ந்து நகர்கிறது. எடுக்கிறேன். "வணக்கம் சார், ஹர்ஷினி. திருச்சியில இருந்து ஒரு பேஷண்ட். ஹார்ட் கேஸ். உடனே இங்க கொண்டு வரணும். ரெஸ்ட் எடுத்தீங்களா சார், ஃபிட்டா?" வாய் திறந்துவிட்டது. 'ஃ' வரைக்கும் வந்துவிட்டது. "யாரும்மா பேஷண்ட்?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது, அது நம் வேலை இல்லை. "ஒரு லேடி சார். ஐம்பத்தெட்டு வயசு. வீட்டுக்காரரும் கூட வர்றார்." இவளைக் கொண்டு வந்துவிட்டால்? என்று மனசு துள்ளுகிறது. எத்தனை வேகமாகத் துள்ளுகிறது பார். இந்த ஒருத்தியை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் கொஞ்சமாவது ஈடாகாதா? கண்ணெல்லாம் மணல் போட்ட மாதிரி எரிகிறது. ஈடாவது ஒன்றாவது. சக்கரத்தை இறக்க மறந்தவன் நீ. அந்த மனுஷன் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பான், முன்னால் ஒருத்தன் முழித்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பி. பக்கத்தில் நிலோஃபர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவாள். "சார்? லைன்ல இருக்கீங்களா?"

"ஃபிட் இல்லம்மா" என்றேன். என் குரல் மாதிரியே இல்லை. "நான் தூங்கல. நேத்து மட்டும் இல்ல, ரொம்ப நாளா தூங்கல. லிஸ்ட்ல இருந்து என்னை எடுத்துடு." "சார், இன்னொரு கேப்டன் ரெஸ்ட்ல இருக்கார். அவரை எழுப்பக் கூடாது. பெங்களூருல இருந்து வேற விமானம்தான் கேக்கணும். ஒரு மணி நேரம் கூட ஆகும் சார்." ஒரு மணி நேரம். திருச்சியில் ஒருத்தி ஒரு மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்கப் போகிறாள், இதற்கும் நான்தான் காரணம். "தெரியும்மா. அதையே கேளு. சீக்கிரம் கேளு" என்றேன். "சரி சார். அப்ப உங்களை ரெஸ்ட்ல போட்டுடறேன். படிவம் அனுப்பறேன், காரணம் மட்டும் எழுதிடுங்க." எழுதுகிறேன் என்றேன். எழுதத்தான் வேண்டும். "ஹர்ஷினி, அந்த அம்மா வந்து சேர்ந்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லு." "ரெஸ்ட்ல இருக்கும்போது நான் உங்களைக் கூப்பிடக் கூடாது சார்." "கூப்பிடும்மா. எந்த நேரமா இருந்தாலும் கூப்பிடு. நான் போனை அணைக்கமாட்டேன். நல்ல சேதியா இல்லாட்டியும் கூப்பிடு." தயங்கிவிட்டு, சரி என்றாள். விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "எத்தனை மணி வரைக்கும் ரெஸ்ட் போடட்டும் சார்?" "நாளைக்குப் பத்து மணி வரைக்கும்." "ஜூலுவா சார், நம்ம நேரமா?" ஃபிரிட்ஜ் கதவைத் திரும்பிப் பார்த்தேன். "நம்ம நேரம்தாம்மா. பத்துன்னா பத்து. அதுல எதையும் கூட்டிடாத." "சரி சார்" என்றாள். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, சும்மா ஒரு பழக்கத்துக்குக் கேட்கிற கேள்விதான் அது.

சீருடையைக் கழற்றி மாட்டினேன். கைலிக்கும் பழைய சட்டைக்கும் மாறினேன். வாசலுக்குப் போய் அழைப்பு மணியைத் திறந்து, உள்ளே அடைத்திருந்த பஞ்சைப் பிய்த்து எடுத்தேன். பழுப்பேறிப்போயிருந்தது, அவள் விரலால் திணித்த பஞ்சு. எறிய மனசு வரவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காகிதத்தைத் தொடவில்லை. ஏசி போடவில்லை, ஏசி போட்டால் கதவைச் சாத்த வேண்டும். கதவை முழுக்கத் திறந்து, அது மூடிவிடாமல் இருக்க என் செருப்பை அடியில் முட்டுக்கொடுத்தேன். போனைத் தலைமாட்டில் வைத்துச் சத்தத்தைக் கடைசி வரை கூட்டிவிட்டுப் படுத்தேன். கூடத்து ஜன்னலிலிருந்து வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தால் கட்டிலில் படுத்தபடியே அந்தப் பிரம்பு நாற்காலி முழுசாகத் தெரியும் என்பது, இந்த வீட்டுக்கு வந்து பதினேழு வருஷத்தில் இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.